நேற்று என்ன சாப்பிட்டீங்க?

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அப்பா மட்டும் முழந்தாளிலேயே இருந்தார்.

எங்கள் கோயிலில் பெஞ்சு கிடையாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாயில்தான் உட்கார வேண்டும். ஈஸ்டர் கழிந்து ஓரிரு வாரம் ஆகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றம் முடிந்து, பரலோக மந்திரம் சொல்லக் கோயில் மொத்தமும் எழுந்து நின்றது. புடவைகள் சரசரத்தன. பாய்கள் நகர்ந்தன. நின்றவர்களின் கால்களுக்கு நடுவே அப்பாவின் நரைத்த பின்தலை மட்டும் தாழ்வாகத் தெரிந்தது.

ஆழ்ந்து செபிக்கிறார் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் அவர் கையைப் பார்த்தேன். வலது கையைத் தரையில் ஊன்றி அழுத்தினார். இடுப்பு ஒரு சாண் உயர்ந்தது, திரும்ப இறங்கியது. மறுபடி ஊன்றினார். மறுபடியும் அதேதான். பக்கத்தில் நின்ற லூர்து மாமா குனிந்து, அப்பாவின் அக்குளில் கை கொடுத்து, அரிசி மூட்டையைத் தூக்குவதுபோல் தூக்கி நிறுத்தினார்.

என் அப்பா சூசை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில், எஸ்டேட் என்போம், இரும்பை அழுத்தி வளைக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பது வருடத்துக்கு மேல் தகடு தூக்கியவர். சென்னீர்குப்பத்திலிருந்து அம்பத்தூருக்கு சைக்கிளில் போய் வந்தவர். அவரை இன்னொருவர் தூக்கி நான் பார்த்ததே இல்லை.

பூசை முடிந்து வெளியே வந்ததும் லூர்து மாமா சொன்னார். “சூசை, அடுத்த வாரத்துலேர்ந்து சேர்ல குந்திக்கோ. இன்னா இப்போ.”

கோயிலின் பின்சுவரை ஒட்டி நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கும். முடியாதவர்களுக்கு. அந்த நாற்காலிக்குப் போனவர்கள் யாரும் திரும்பப் பாய்க்கு வந்ததில்லை. அப்பா வீடு வரும்வரை என் தோளைப் பிடிக்காமல், மதில் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

அவருக்கு அப்போது அறுபத்தேழு வயது. அவரை அந்த நாற்காலியை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தது வயது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வயது இல்லை. நான்தான்.

மாதா படத்துக்குப் பக்கத்தில்

இந்தத் தொடரில் போன வாரம் எழுதிய கல்லூரிச் சேர்க்கைக் கதையைப் படித்துவிட்டு, ‘அப்புறம் வேலை கிடைத்ததா’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். கிடைத்தது. உணவியல் படித்து முடித்த சில மாதங்களிலேயே குமணன்சாவடியில் ஒரு சிறிய மருத்துவமனையில் உணவு ஆலோசகராகச் சேர்ந்துவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. அப்பா மட்டும் சம்பளப் பதிவேட்டுக்காகத் தன் பெயரை வரைந்து பழகியிருந்தார். எழுதுவார் என்று சொல்ல முடியாது, வரைவார்.

வேலைக்குப் போன முதல் வாரம் அம்மா என் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். அதை நான் பார்த்துவிட்டது அவளுக்குத் தெரியாது.

மருத்துவமனைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். மதுரை, நெல்லை, சேலம் என்று எங்கெங்கிருந்தோ வேலைக்காக வந்து, கணினி முன் உட்கார்ந்து உட்கார்ந்து தொப்பை போட்டவர்கள். முப்பத்தைந்து, நாற்பது வயது. அவர்களுக்காக நான் ஒரு பட்டியல் தயாரித்தேன். காலையில் ஓட்ஸ் கஞ்சி. மதியம் ஒரு கரண்டி சோறு, நிறைய காய். மாலையில் வெள்ளரி, முளைகட்டிய பயறு. இரவு ஏழு மணிக்குள் இரண்டு சப்பாத்தி. மஞ்சள் கரு, கறி, வேர்க்கடலை, வாழைப்பழம் எல்லாம் தவிர்க்க வேண்டியவை. பட்டியல் பளிச்சென்று இருந்தது. மருத்துவர் பாராட்டினார்.

அந்த மழைக்காலத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மருத்துவர் ஒரு மாத்திரை எழுதினார். நான் என் பட்டியலை அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா பூந்தமல்லியில் இரண்டு ஃப்ளாட்டுகளில் சமையல் வேலை செய்கிறாள். ஓட்ஸ் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. “அங்கயும் இத்தத்தான் துன்றாங்க,” என்று அப்பாவிடம் சொன்னாள். மறுநாளே பட்டியலைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். கீழே என் பெயரும் பட்டமும் இருந்தன. வாசிக்கத் தெரியாத அப்பா, வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டுவார்.

வந்தவர்கள் சும்மா போகவில்லை. எங்கள் தெருவில் ஐம்பது தாண்டியவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா நெடுஞ்சாலை ஓரத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் நகல் எடுத்துக் கொடுத்தாள். பதினோரு வீட்டுச் சுவரில் என் பெயர் ஏறியது. தெருவில் நடக்கும்போது என் முதுகு தானாகவே நிமிர்ந்ததை இன்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது அப்பாவின் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அவருடைய கைக்கடிகாரம் மணிக்கட்டில் வளையல்போலச் சுழல ஆரம்பித்திருந்தது. இளைத்துவிட்டார், நல்லதுதானே என்று நினைத்தேன். எங்கள் தெரு நாய் கறுப்பன் மட்டும் அந்த மூன்று மாதத்தில் கொழுத்துப்போயிருந்தது. அது ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

பொய் எழுதிய நோட்டு

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

உணவியல் படிப்பில் முதலில் கற்றுத்தருவது ஒரு சாதாரணக் கேள்வி. எதிரில் இருப்பவர் நேற்றுக் காலையிலிருந்து இரவுவரை வாயில் போட்டது என்ன? ஒரு மிடறு டீகூட விடாமல் கேட்டு எழுத வேண்டும். அறிவுரை எல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் வருடச் செய்முறை நோட்டில் எங்கள் ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொன்னார்கள்.

முந்தின நாள் எங்கள் வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழும் கருவாடும். மதியம் சோறு, முருங்கைக்கீரை, ரத்தப் பொரியல். மாலையில் அவித்த வேர்க்கடலை. இரவு மிச்சமிருந்த மாட்டுக்கறிக் குழம்பு. வாரக் கடைசி என்றால் ஆட்டுக் குடலோ, சுவரொட்டி என்கிற மண்ணீரலோ இருக்கும். எஸ்டேட்டிலிருந்து வரும் வழியில் அப்பா வாங்கிவருவார். விலை குறைவு, அதனால் வாங்கினார். அதில் இருக்கும் சத்தின் பெயர் அவருக்குத் தெரியாது.

நோட்டில் நான் எழுதியது: இட்லி, சாம்பார். மதியம் சாதம், கூட்டு, ரசம், மோர். இரவு சப்பாத்தி, குருமா.

பக்கத்து இருக்கைப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதினேன். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. ஆசிரியை நல்ல மதிப்பெண் போட்டார். வீட்டில் நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரைக் கல்லூரியில் ‘எங்கப்பா’ என்று சொல்லப் பழகியதும் அதே வருடம்தான்.

சில வருடம் கழித்து, அதே மனிதருக்கு உணவுப் பட்டியல் போட்டபோதும் அவரை நான் கேட்கவில்லை. பக்கத்து இருக்கை வீட்டுச் சாப்பாட்டையே திரும்பவும் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை அதை அவர் சாப்பிட வேண்டியிருந்தது.

சாரதா மேடம்

எங்கள் மருத்துவமனைக்கு வாரத்தில் இரண்டு நாள் ஒரு மூத்த உணவியல் நிபுணர் வருவார். சாரதா மேடம். குள்ளமாக, சத்தமாக, கைப்பையில் எப்போதும் ஒரு டப்பா பொட்டுக்கடலையுடன் இருப்பார். கோயிலில் நடந்ததற்கு மறுநாள் அப்பாவை அவரிடம் கூட்டிப்போனேன். நரம்புத் தளர்ச்சியாக இருக்குமோ என்று பயம்.

மேடம் அப்பாவைக் கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார். கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார். அப்பா முதல் தடவை எழுந்தார். இரண்டாவது தடவை தொடை நடுங்கியது. மூன்றாவதற்கு எழ முடியவில்லை. “கால் மரத்துப்போச்சு டாக்டரம்மா,” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு மேடம் பட்டியலைக் கேட்டார். கைப்பேசியில் காட்டினேன். உள்ளுக்குள் கொஞ்சம் பாராட்டு எதிர்பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

“இது யாருக்கு எழுதினது?”

“எங்கப்பாவுக்கு மேடம்.”

“இல்ல. தொப்பையக் குறைக்க வேண்டிய நாப்பது வயசுக்காரனுக்கு எழுதினது. உங்கப்பாவுக்குத் தொப்பை எங்க இருக்கு?” என்றவர் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். “சரி, நேத்து அவர் என்ன சாப்பிட்டார்?”

“காலைல ஓட்ஸ் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சாதம், காய்...”

“அது காகிதத்துல இருக்கு. வாயில போனதச் சொல்லு.”

நான் மறுபடி கைப்பேசியைப் பார்த்தேன்.

மேடம் திட்டவில்லை. பொட்டுக்கடலை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். இளம் வயதில் ஒருவர் சாப்பாட்டைக் குறைத்தால் கொழுப்பு கரையும், வயதான மெலிந்த உடம்பில் சதைதான் முதலில் கரையும் என்றார். அதிலும் தொடைச் சதை. அறுபதுக்கு மேல் புரதம் குறையவே கூடாது, ஒவ்வொரு வேளையிலும் கொஞ்சமாவது இருக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நீ, அவர் எடையை ஒரு தடவையாவது பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை. இதெல்லாம் பரீட்சையில் நான் பக்கம் பக்கமாக எழுதிய விஷயம். என் வீட்டு மனிதரைப் பற்றித்தான் அந்தப் பக்கங்கள் பேசுகின்றன என்று தோன்றவே இல்லை.

நான் கேட்டேன்

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும், கைகால் கழுவாமல், மருத்துவமனைப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அம்மா அடுப்பில் டீ வைத்திருந்தாள்.

“நைனா, நேத்துக் காலைல எழுந்ததிலேர்ந்து இன்னா சாப்ட்ட? ஒண்ணுவிடாம சொல்லு.”

“அதான் நீ எயுதிக் குட்த்தியே. அத்தான்.”

“நான் எழுதினதக் கேக்கல. நீ துன்னத கேக்கறேன்.”

‘துன்ன’ என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்து எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று தெரியவில்லை. அப்பா நிமிர்ந்து பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. ஓட்ஸ் கொழகொழவென்று தொண்டையிலேயே நிற்கிறது, அதனால் பாதிதான் குடிக்கிறார். அவருக்குக் கடைவாய்ப் பற்கள் கீழே இரண்டும் மேலே ஒன்றும் இல்லை. என் அப்பாவுக்கு எத்தனை பல் இருக்கிறது என்று தெரியாமல் நான் வெள்ளரியும் முளைகட்டிய பயறும் எழுதியிருந்தேன். அவர் அதை வாயில் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டுத் துப்பிவிடுவார். சப்பாத்தியில் ஒன்றை மோரில் ஊறவைத்து விழுங்குவார். இன்னொன்று கறுப்பனுக்கு. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வழக்கம்போல மீனையும் விட்டிருந்தார். நாற்பது நாள் முடிந்த பிறகும், பட்டியலில் இல்லையே என்று திரும்பத் தொடவில்லை.

இன்னொன்றும் சொன்னார். இரவு ஏழு மணிக்கு அவருக்கு மட்டும் தனியாகத் தட்டு வைப்பது பிடிக்கவில்லை. நானும் அம்மாவும் எட்டரை, ஒன்பதுக்குச் சாப்பிடுவோம். “தனியா குந்திகினு துன்னா எறங்கல.”

ஐந்து மாதம் அந்த மனிதர் பசியோடு இருந்திருக்கிறார். எங்கள் வீட்டில், நிறைந்த அடுப்புக்குப் பக்கத்தில், உணவியல் படித்த மகளை வைத்துக்கொண்டு.

“ஏன் நைனா சொல்லல?”

அவர் வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பசிக்குதுன்னு சொன்னா, உன் படிப்ப நான் கொற சொல்ற மாரி ஆயிடும்னு நென்ச்சேன். தெருவே அத்த மாட்டி வச்சிகினு கீது.”

அம்மா அடுப்பை அணைத்தாள். “நானும் பாத்தேன்டி,” என்றாள். “நாய்க்குப் போட்றத பாத்தேன். படிச்ச பொண்ணு எயுதினத நான் எப்டி மாத்தறது?”

படிவத்தில் பாதிக்கு மேல் காலியாக இருந்தது. எழுத ஒன்றுமில்லாத ஒரு நாளைத்தான் அவர் சாப்பிட்டிருந்தார். நான் எழுந்து போய் மாதா படத்துக்குப் பக்கத்திலிருந்த சட்டத்தைக் கழற்றினேன். அப்பா வேண்டாம் என்பதுபோல் கையை நீட்டினார். அதில் என் பெயர் இருந்தது அல்லவா, அதற்காக.

பதினோரு வீடு

சட்டத்தைக் கழற்றியது சுலபம். மற்ற பதினோரு சுவர்கள் இருந்தன.

ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். தவறு என்று சொன்னால் தெருவில் என் மரியாதை என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் காகிதம் மாட்டிய வீட்டில் இன்னொருவர் வாய் திறக்காமல் பசித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலை படிவக்கட்டோடு இறங்கிவிட்டேன்.

முதல் வீடு லூர்து மாமா. எழுபது வயது, ஆட்டோ ஓட்டி ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

“இன்னா டாக்டரம்மா, நேத்து வரிக்கும் முட்டை ஆகாதுன்ன. இன்னிக்கு ஆவும்ன்ற. முட்டை மாறிச்சா, நீ மாறிட்டியா?”

“நான்தான் மாமா மாறிட்டேன். தப்பா எழுதிட்டேன்.”

சொல்லிவிட்டேன். தலையில் இடி விழவில்லை. அவர் பட்டியலைத் தானே கழற்றிக் கொடுத்தார். பின்பக்கம் ஒட்டடை படிந்திருந்தது. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். மீன் குழம்பு, இரண்டு முட்டை, கடலை, இன்னும் என்னென்னவோ. அவர் அந்தக் காகிதத்தை ஒரு நாள்கூடப் பின்பற்றவில்லை. மரியாதைக்காக மாட்டியிருக்கிறார். அப்பாவை ஒரே கையில் தூக்கியது எப்படி என்று அப்போது புரிந்தது. அவருடைய ரத்தக் கொதிப்புக்காக உப்பையும் ஊறுகாயையும் மட்டும் குறைக்கச் சொன்னேன். “இத்த மட்டும் எயுதாத, வாயில சொல்லு, மறந்துடறேன்,” என்றார்.

எல்லா வீடும் அப்படிச் சிரிக்கவைக்கவில்லை. மூன்றாவது வீட்டில் பிலோமினா அக்கா. அக்கா என்று கூப்பிட்டாலும் அறுபதைத் தாண்டியவர். கணவர் இல்லை, மகன் ஓசூரில். பட்டியலைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறார், அதுவும் பாதி அளவு. ஒரு ஆளுக்காக என்ன சமைப்பது என்று இரவில் டீயும் ரஸ்க்கும்தான். கை வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. நான் மன்னிப்புக் கேட்டதும் அவர் பதறிப்போய், “நீ இன்னா பண்ணுவ கண்ணு, எனக்கே துன்னப் பிடிக்கல,” என்றார். அன்று இரவிலிருந்து அவருடைய தட்டு எங்கள் வீட்டில் என்று அம்மா முடிவு செய்தாள். அதற்குக் கண்ணாடிச் சட்டம் எதுவும் மாட்டவில்லை. போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கோபப்பட்டார். இத்தனை மாதம் வாழைப்பழம் தொடாமல் இருந்தேனே, அதை யார் திருப்பித் தருவது என்றார். நியாயமான கேள்வி. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மாலையில் அவரே ஆளனுப்பி, எந்தப் பழம், எவ்வளவு என்று கேட்டார். அவருக்கிருந்த சர்க்கரைக்குச் சின்னப் பழமாக ஒன்று, சோறு சாப்பிட்ட கையோடு வேண்டாம், தனியாக என்று சொல்லியனுப்பினேன்.

பதினோரு வீட்டிலும் கேட்டு எழுதினேன். பதினோரு படிவமும் வேறு வேறாக இருந்தன. பற்கள் வேறு, கைச்செலவு வேறு, மருந்து வேறு, கூடச் சாப்பிட ஆள் இருப்பதும் இல்லாததும் வேறு. சிறுநீரகக் கோளாறு இருந்த ஒருவரை மட்டும் நான் எதுவும் சொல்லாமல் சாரதா மேடத்திடம் அனுப்பினேன். அவருக்குப் புரதத்தின் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரே காகிதத்தை எல்லோர் சுவரிலும் ஒட்டிய எனக்கு, அந்தச் சனிக்கிழமைதான் உண்மையில் படிப்பு முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரே தட்டு நேரம்

அப்பாவின் சாப்பாட்டை மாற்றினோம். அதில் புதிதாக எதுவுமில்லை, அவருடைய பழைய சாப்பாடுதான் வீட்டுக்குத் திரும்பியது. காலையில் கேழ்வரகுக் கூழ், மோர் ஊற்றி, கூட ஒரு அவித்த முட்டை. வேர்க்கடலையை மெல்ல முடியாததால் அம்மா அதைத் துவையலாக அரைத்தாள். வாரத்தில் மூன்று நாள் நெத்திலி, முள்ளோடு சாப்பிடலாம், எலும்புக்கு நல்லது. கறியைக் கொத்தி, குழைய வேகவைத்தாள். கருவாடு மட்டும் ஊறவைத்து நன்றாகக் கழுவி, எப்போதாவது. சோறு அளவாக, ஆனால் பருப்பும் கீரையும் தாராளமாக. ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு, எல்லோருக்கும் ஒன்றாக. நானும் அம்மாவும் அரை மணி முன்னால் வந்தோம், அப்பா ஒரு மணி பின்னால் வந்தார்.

கூடவே மேடம் சொன்ன பயிற்சி. காலையும் மாலையும் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். அப்பா எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்வார். நாலு, ஐந்து, ஆறு என்று வாரங்கள் போயின. ஒரு நாள் எட்டுக்குப் பிறகு பத்து என்றார். பிலோமினா அக்கா, “அண்ணே, ஒம்போது எங்க போச்சு?” என்று கேட்டு, முதலிலிருந்து எண்ணவைத்தார்.

சர்க்கரை அளவு நான் பெருமைப்பட்ட அந்த எண்ணைவிடக் கொஞ்சம் ஏறியது. பயந்துகொண்டே மருத்துவரிடம் காட்டினேன். இந்த வயதுக்கு இது போதும், தலைசுற்றி விழாமல் இருப்பதுதான் முக்கியம் என்றார். எடை மெல்ல ஏறியது.

அந்த மாதங்களில் ஞாயிறுதோறும் அப்பா நாற்காலியில்தான் உட்கார்ந்தார். வேறு வழியில்லை. பின்சுவரில் சாய்ந்து, பாயில் இருப்பவர்களின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகஸ்ட் கடைசியில், மாதா திருவிழாக் கொடியேற்றத்துக்குச் சில நாட்கள் முன்பு, கோயிலுக்குள் நுழைந்தவர் பின்சுவர்ப் பக்கம் போகாமல் நேராக நடந்து லூர்து மாமாவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.

எழுந்தேற்றத்தில் எல்லோரோடும் முழந்தாளிட்டார். நான் பீடத்தைப் பார்க்கவில்லை. அவர் முதுகைத்தான் பார்த்தேன். எல்லோரும் எழுந்தார்கள். அப்பா ஒரு காலைப் பாதம் பதித்து வைத்தார், கையைத் தன் தொடையில் ஊன்றினார், ஒரு மூச்சு நின்றார், எழுந்தார். லூர்து மாமா கையை நீட்டிவைத்திருந்தார். அது தேவைப்படவில்லை. மாமா அந்தக் கையால் தன் மீசையைத் தடவிக்கொண்டார்.

பூசை முடிந்து நானும் அப்பாவும் குமணன்சாவடிக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். அவருக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது. மருந்துக் கடையிலிருந்து வெளியே வந்ததும் அப்பா நடைபாதையில் நின்றார். எதிரில் ஒரு இட்லித் தள்ளுவண்டியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“பசிக்குது,” என்றார்.

என்ன சொன்னார் என்று ஒரு கணம் புரியாமல் நின்றேன். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. வண்டியை நோக்கி நடந்துவிட்டார்.

இரண்டு இட்லியும் ஒரு ஆம்லெட்டும் சொன்னேன். சாம்பார் அதிகமாக, தேங்காய்ச் சட்னி கொஞ்சமாக என்றேன். கடைக்காரர் தட்டை எடுத்தார்.

“ரெண்டா? யாரு சொன்னா?” என்றார் அப்பா.

“நான்தான் நைனா.”

“உனக்கு இன்னா தெரியும். மூணு வைக்கச் சொல்லு.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். மூன்று என்றேன்.